பதினொரு நாள் இடைவெளி

சிறையில் இருக்கும் தம்பியைப் பற்றி ஓர் அக்கா ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர், நாடு, வழக்கு விவரம் எதுவும் வெளியே வரக்கூடாது என்று கேட்டிருந்தார். அவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

தம்பிக்கு 34 வயது. எச்ஐவி இருப்பது தெரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்று முதல் தினமும் இரவில் ஒரு மாத்திரை, தவறியதே இல்லை. கடைசியாக எடுத்த இரண்டு வைரல் லோட் பரிசோதனையிலும் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஆறு வாரங்களுக்கு முன் கைதானார், இன்னும் விசாரணைக் கைதிதான். கைதான இரவு மாத்திரை டப்பா வீட்டிலேயே நின்றுவிட்டது. எட்டு நாள் மருந்தில்லை. ஒன்பதாம் நாள் அக்கா கொண்டுபோய்ச் சிறை வாசலில் கொடுத்தார். உள்ளே போய்ச்சேர மேலும் மூன்று நாள் ஆனது. அதற்குள் டப்பாவின் மேலிருந்த மருந்துப் பெயரை யாரோ படித்துவிட, விஷயம் பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது தனிச் செல்லில் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டின் அடியில் சிவப்புப் பெயின்ட் தீற்றியிருக்கிறது. இரண்டாவது டப்பாவை, மருந்துச் சீட்டு இல்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள்.

இனி அக்காவின் வார்த்தைகளில்: "இருக்கிற மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறான். ஜாமீன்ல வந்ததும் ஒழுங்கா போட்டுக்கலாம்னு சொல்றான். ஜெயில் டாக்டர்கிட்ட சொல்லக்கூடாதாம், சொன்னா எழுத்துல ஏறிடும், கோர்ட்டு வரைக்கும் போயிடும்னு பயப்படுறான். நான் வைட்டமின் டப்பாவுல மாத்திப் போட்டு அனுப்பலாமா? தனியா இருக்கிறது அவனுக்கு ஒரு விதத்துல பாதுகாப்புதானே? இந்த நோயைச் சொல்லி ஜாமீன் வாங்க முடியுமா?" கடிதம் முடிந்த பிறகு, ஓரத்தில் பேனா மாற்றி எழுதிய இரண்டு வரி: "மூணு வாரமா இருமல் வேற. அங்க தூசி ஜாஸ்தி. அம்மாவுக்கு எதுவும் தெரியாது."

அன்புள்ள சகோதரி,

நான் தொற்றுநோய் மருத்துவர். சில ஆண்டுகள் வாரத்துக்கு ஒருநாள் ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை. அதனால் சட்டம் பற்றிச் சொல்வதை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நாட்டின் பெயரை எடுத்துவிடச் சொன்னதால், எங்கும் பொருந்துவதையே சொல்கிறேன்.

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

இருமல்

தூசியாக இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது பரிசோதனைதான். அடைசலான, காற்றோட்டமில்லாத அறைகளில் பலர் சேர்ந்து தூங்கும் இடம் சிறை. காசநோய்க்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. எச்ஐவியோடு வாழ்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பொதுவாக இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிப்பார்கள். எச்ஐவி உள்ளவருக்கு அந்தக் கெடுவே கிடையாது. இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவில் வியர்த்து நனைதல் ஆகிய நான்கில் ஒன்று இன்றைக்கு இருந்தாலே சோதிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஜீன்எக்ஸ்பர்ட் என்ற சளிப் பரிசோதனை சில மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தம்பி இருமலுக்காகச் சிறை மருத்துவரிடம் போகிறார், எச்ஐவியைச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். மூன்று வார இருமல்தானே என்று ஒரு டானிக்கோடு அனுப்பிவிடலாம். ஒருவேளை காசநோய் என்று கண்டுபிடித்து மருந்து தொடங்கினாலும் ஆபத்து தீராது. நீங்கள் அனுப்பிய டப்பாவின் படத்தில் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை தெரிகிறது. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின், ரத்தத்தில் டொலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும். அதைச் சரிக்கட்ட, வழக்கமான மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் தனியாக இன்னொன்று தர வேண்டும். விஷயம் தெரியாத மருத்துவர் அதை எப்படித் தருவார்?

ஒருநாள் விட்டு ஒருநாள்

எட்டு நாள் மருந்தில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வாசலில் கிடந்த மூன்று நாளையும் சேர்த்தால் பதினொன்று. குறை சொல்ல எண்ணவில்லை. அந்த இரவில் மாத்திரை டப்பாவை எடுக்க யாருக்கு நினைவு வரும்? ஆனால் மருத்துவரிடமும் வக்கீலிடமும் சொல்லும்போது பதினொன்று என்றே சொல்லுங்கள்.

சிறைக்குப் போகிற எச்ஐவி நோயாளிக்கு மாத்திரை அறுந்துபோவதைத்தான் நான் பெரிய ஆபத்தாகப் பார்க்கிறேன். கைதாகும் நாள், வேறு சிறைக்கு மாற்றும் நாள், விடுதலை நாள் என்று எப்போது அறும் என்பதையும் ஏறக்குறைய முன்கூட்டியே சொல்லிவிடலாம். கோர்ட்டுக்குப் போகும் நாட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் வேனில் ஏற்றி, இருட்டிய பிறகு திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அதற்குள் மருந்து தருகிறவர் வேலை முடிந்து போயிருப்பார்.

வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது என்றால் உடம்பைவிட்டுப் போய்விட்டது என்று பொருளில்லை. சில செல்களுக்குள் அது உறங்கிக்கொண்டிருக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் ரத்தத்தில் மீண்டும் தலைகாட்டும். டொலுடெக்ராவிர் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 14 மணி நேரம் ஆகும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டால், அடுத்த மாத்திரை வருவதற்குள் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்காது. வைரஸ் பெருகவும், மருந்துக்குப் பழகி அதற்குக் கட்டுப்படாத வகையாக மாறவும் அந்த நேரம் போதும். டொலுடெக்ராவிர் அவ்வளவு சீக்கிரம் தோற்கிற மருந்தில்லை, அது நம் அதிர்ஷ்டம். அதற்காக அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

"வெளியே வந்து போட்டுக்கலாம்" என்பதற்குப் பதில் 2006-லேயே கிடைத்துவிட்டது. பல நாடுகளில் 5,472 பேரை வைத்து நடந்த ஸ்மார்ட் என்ற ஆய்வில், ஒரு பிரிவினர் மருந்தை விடாமல் போட்டார்கள். மற்றொரு பிரிவினர் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும்போது நிறுத்தி, குறைந்தபோது தொடங்கினார்கள். இடையில் நிறுத்தியவர்களுக்கு நோயோ சாவோ வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர்களாவது மருத்துவரின் கண்காணிப்பில் நிறுத்தியவர்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். தம்பிக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான பரிசோதனை எடுத்திருக்கிறார்களா? டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் சேர்த்தே அடக்கி வைத்திருப்பவை. அது இருந்து, மாத்திரை திடீரென்று நின்றால் கல்லீரல் மோசமாக வீங்கலாம். பழைய மருத்துவக் கோப்பில் தேடிப் பாருங்கள்.

அதனால் கையிருப்பு எத்தனை இருந்தாலும், நாளுக்கு ஒரு மாத்திரை வீதம் விடாமல் போடச் சொல்லுங்கள். தீர்ந்துபோகும் தேதியை மருத்துவரிடமும் வக்கீலிடமும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஒருநாள் மறந்தால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளைக்கு நான்கு மணி நேரம்கூட இல்லை என்றால் விட்டுவிடலாம். இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம்.

வைட்டமின் டப்பா வேண்டாம்

உங்கள் மனம் புரிகிறது. ஆனால் மருந்தை வேறு பெயரில் உள்ளே அனுப்பிப் பிடிபட்டால் அது கடத்தல் பொருளாகிவிடும். சந்திப்பு ரத்தாகலாம், உங்கள் மேல் வழக்கும் வரலாம். மருத்துவக் காரணமும் உண்டு. வைட்டமின் என்று நினைத்து யாராவது அதை வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? வயிற்றெரிச்சலுக்குச் சிறை மருத்துவர் ஆன்டாசிட் தந்தால்? மெக்னீசியம், அலுமினியம் கலந்த ஆன்டாசிட் டொலுடெக்ராவிரை உடம்பில் சேரவிடாது. ஆன்டாசிட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலோ ஆறு மணி நேரம் பின்னாலோதான் மாத்திரை போட வேண்டும்.

தம்பியின் இன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். பக்கத்துச் செல்காரருக்குத் தெரியும், வார்டருக்குத் தெரியும், சவரம் செய்பவருக்கும் தெரியும். தெரிய வேண்டிய ஒரே ஆளான மருத்துவருக்கு மட்டும் தெரியாது. ரகசியம் ஏற்கெனவே போய்விட்டது. அது போனதற்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டிய மருந்து மட்டும் வரவில்லை.

அவருடைய பயம் வீண் பயம் என்றும் நான் சொல்லமாட்டேன். நான் போய்வந்த இடத்தில், ஆரம்பத்தில் மருந்து நேரத்துக்குக் காவலர் வாசலில் நின்று "எச்ஐவி ஆளுங்க எல்லாம் வாங்க" என்று கூப்பிடுவார். பாதிப் பேர் எழுந்தே வரமாட்டார்கள். பிறகு ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை வாங்குகிறவர்களோடு ஒரே வரிசையாக்கி, எல்லோருக்கும் ஒரே பழுப்புக் காகித உறையில், பெயருக்குப் பதில் எண் போட்டுக் கொடுத்தோம். ஒரு பைசா கூடுதல் செலவில்லை. வராதவர்கள் வர ஆரம்பித்தார்கள். உங்கள் வக்கீல் சிறை நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் இந்த மாதிரி எளிய ஏற்பாட்டைத்தான்.

சிவப்புத் தட்டு

தனிச் செல் பாதுகாப்பு என்கிறீர்கள். யாருக்குப் பாதுகாப்பு? எச்ஐவி தட்டால், தண்ணீர்க் குவளையால், கொசுவால், வியர்வையால், இருமலால் பரவாது. பிளேடு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும், அதுவும் எல்லோருக்கும் பொதுவான கவனம். ஒரே பிளேடில் பலருக்குச் சவரம் செய்தால் ஹெபடைடிஸ் பி, சி பரவலாம். ஆளுக்கு ஒரு பிளேடு என்று ஆக்கிவிட்டால் யாரையும் ஒதுக்கத் தேவையில்லை.

காசநோய் சந்தேகத்தில், தொற்றுப் பரவாமல் இருக்க மருத்துவர் சொல்லிச் சில நாள் தனியாக வைப்பது வேறு. அதற்குக் காரணமும் உண்டு, முடிவுத் தேதியும் உண்டு. எச்ஐவி என்ற பெயருக்காக ஒதுக்குவதற்கு இரண்டுமே கிடையாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலச் சிறைகளில் எச்ஐவி உள்ள ஆண் கைதிகளைத் தனியே பிரித்து, கையில் வெள்ளைப் பட்டை கட்டி வைத்திருந்தார்கள். அப்படிப் பிரிப்பது சட்டவிரோதம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2012 டிசம்பரில் தீர்ப்பளித்தது. கிரேக்க நாட்டின் கொரிடலோஸ் சிறை மருத்துவமனையில் இப்படி ஒதுக்கி வைக்கப்பட்ட 13 பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே அவர்கள் நடத்தப்பட்ட விதம் இழிவானது, பாரபட்சமானது என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. வெள்ளைப் பட்டைக்கும் உங்கள் தம்பியின் சிவப்புத் தட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆனாலும் ஓர் எச்சரிக்கை. "உடனே பொது பிளாக்குக்கு மாற்றுங்கள்" என்று அவரைக் கேட்காமல் மனுப் போட்டுவிடாதீர்கள். விஷயம் பரவிவிட்ட பிளாக்கில் அடி உதைக்கு வாய்ப்பிருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். வேறு பிளாக் கேட்பது நல்ல வழியாக இருக்கலாம். தட்டை மாற்றச் சொல்லி மட்டும் இன்றே கேட்கலாம்.

என்ன கேட்பது, யாரிடம் கேட்பது

ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகள் என்று ஒன்று உண்டு. அவை சட்டம்போல ஒரு நாட்டைக் கட்டுப்படுத்துபவை இல்லை என்றாலும் பல நாட்டு நீதிமன்றங்கள் அவற்றை எடுத்துக்காட்டுகின்றன. உங்கள் கடிதத்துக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

விதி 24: வெளியே கிடைக்கும் அதே தரத்தில் மருத்துவம் சிறைக்குள்ளும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். எச்ஐவி, காசநோய் சிகிச்சை அறுபடாமல் தொடர வேண்டும் என்று பெயர் சொல்லியே இருக்கிறது.

விதி 26: மருத்துவக் கோப்பு ரகசியமானது. கைதி தன் கோப்பைத் தானே பார்க்கலாம். சிறை மாற்றினால் கோப்பும் கூடவே போக வேண்டும்.

விதி 27: சிகிச்சை முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும், மருத்துவரல்லாத சிறை ஊழியர் அதை மீறக்கூடாது. வாசலில் டப்பாவைத் திருப்பிய ஊழியருக்கு வக்கீல் காட்ட வேண்டியது இதை.

விதி 118: விசாரணைக் கைதி, நியாயமான காரணம் இருந்து, செலவையும் ஏற்க முடிந்தால், தன் சொந்த மருத்துவரை வரவழைத்துப் பார்க்கலாம். தண்டனை பெற்றவருக்கு இல்லாத வசதி இது. பலருக்குத் தெரிவதில்லை.

தம்பியாலோ வக்கீலாலோ முடியாத நிலையில் குடும்பத்தார் புகார் தரலாம் என்று விதி 56 சொல்கிறது.

இப்போது காகிதங்கள். அவரைப் பார்த்துவந்த சிகிச்சை மையத்துக்குப் போய் மூன்று கேளுங்கள்: தற்போதைய மருந்துச் சீட்டு, கடைசி வைரல் லோட் மற்றும் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அறிக்கைகளின் நகல், "இந்த மருந்து ஒருநாளும் நிற்கக்கூடாது" என்று அவருடைய மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம். தம்பியின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் தரமாட்டார்கள். தராமல் இருப்பதுதான் சரி. வக்கீல் மூலம் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை ஒட்டிய உறையில், மேலே "மருத்துவர் மட்டும் பிரிக்கவும்" என்று எழுதி, சிறை மருத்துவருக்கு அனுப்பி, கிடைத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாசலில் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சீட்டுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்பதற்கு ஒரு பழைய வழக்கு. 1997-ல் தென்னாப்பிரிக்காவில் எச்ஐவி உள்ள கைதிகள் நால்வர் மருந்து கேட்டுக் கேப் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசு தன் செலவில் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் உத்தரவு கிடைத்தது, மருத்துவர் ஏற்கெனவே மருந்து எழுதித் தந்திருந்த இருவருக்கு மட்டும். மற்ற இருவரிடம் சீட்டு இல்லை.

சிறை மருத்துவர் பார்க்கத் தொடங்கியதும் இப்போது ஒரு வைரல் லோட், தினமும் விடாமல் போட்டு மூன்று மாதம் கழித்து இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள். கோர்ட் நாட்களுக்காக ஒரு வாரத்து மாத்திரையைத் தம்பியிடமே தந்துவைக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

ஜாமீன்

எச்ஐவி என்ற பெயரை மட்டும் வைத்து ஜாமீன் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். மருந்தோடு நெடுநாள் நலமாக வாழக்கூடிய நோயாக அது மாறிவிட்டதால், "உள்ளேயே சிகிச்சை தரலாமே" என்றுதான் நீதிபதி கேட்பார். உள்ளே தரவில்லை என்பதற்கு ஆதாரம் இருந்தால் வாதம் மாறும்: பதினொரு நாள் இடைவெளி, திருப்பிவிட்ட டப்பா, பார்க்கப்படாத இருமல். தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திறந்த நீதிமன்றத்தில் நோயின் பெயரை உரக்கச் சொல்லாமல், மருத்துவ ஆவணங்களை மூடிய உறையில் தர அனுமதி கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

இதைத் தம்பியிடம் நேராகக் கேட்டுவிடுங்கள்: உடம்பு மோசமானால் சீக்கிரம் வெளியே விடுவார்கள் என்று எண்ணித்தான் மாத்திரையைக் குறைக்கிறாரா? அப்படிச் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜாமீன் உத்தரவு வந்தபோது ஒருவர் எழுந்து உட்காரும் நிலையில்கூட இல்லை.

ஜாமீன் கிடைத்த பிறகும் விழிப்பாக இருங்கள். டெக்சாஸ் மாநிலச் சிறைகளிலிருந்து 2004-க்கும் 2007-க்கும் இடையே விடுதலையான, உள்ளே இருந்தவரை இந்த மருந்தைப் போட்டுவந்த 2,115 பேரைப் பற்றிய ஓர் ஆய்வு 2009-ல் வெளிவந்தது. வெளியே வந்து பத்து நாளுக்குள் மருந்து வாங்கியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். இரண்டு மாதம் கழித்தும் முப்பது பேர்தான். வீடு, வேலை, கடன், வழக்கு என்று எல்லாம் ஒரே நாளில் தலைமேல் வந்து விழும்போது மாத்திரை பின்னால் போய்விடுகிறது. அதனால் இப்போதே ஒரு மாத மாத்திரையை வீட்டில் வாங்கி வைத்துவிடுங்கள். விடுதலையாகும்போது சிறை மருத்துவரிடமிருந்து கோப்பின் நகலைக் கையோடு வாங்கச் சொல்லுங்கள். பழைய சிகிச்சை மையத்தில் முதல் வாரத்துக்கே தேதி கேட்டு வையுங்கள்.

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கேட்க நினைத்துத்தான் அந்த வரியை ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. தம்பி நான்கு ஆண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார் என்றால் அவருக்கு ஏதோ காரணம் இருக்கும். அடுத்த சந்திப்பில் அவரிடமே கேளுங்கள், அதுவரை சொல்ல வேண்டாம். நீங்கள் ஒருவராக இதைச் சுமப்பது கடினம் என்றால், சிகிச்சை மையத்தில் இருக்கும் கவுன்சிலரிடம் குடும்பத்தாரும் பேசலாம்.

அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் நாளைக்கே வக்கீலை அனுப்பி, இருமலுக்குச் சளிப் பரிசோதனை கேட்டு எழுத்தில் மனுக் கொடுக்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். காசநோய் என்று வந்தால், 12 மணி நேரம் கழித்துத் தர வேண்டிய அந்த இன்னொரு 50 மில்லிகிராம் சீட்டில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.